ஒரு ஏக்கருக்கு மேல் நிற்கும் காற்று: உருவான விதமும் மாறிவரும் கணக்கும்

நிலத்தை அளக்கிறோம், மண்ணைப் பரிசோதிக்கிறோம், கிணற்று நீரையும் ஆய்வுக்கு அனுப்புகிறோம். வயலின் மேல் நிற்கும் காற்றை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நூறு கிலோ காய்ந்த வைக்கோலில் சுமார் 40 கிலோ கரிமம் இருக்கிறது. அது முழுவதும் காற்றிலிருந்து வந்தது. உர மூட்டையிலிருந்து வந்ததல்ல.

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் வானம் வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். இதே கணக்கில் ஒரு ஏக்கருக்கு மேல் நிற்பது 40 ஆயிரம் டன்னுக்கும் அதிகம். அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

- நைட்ரஜன், அதாவது தழைச்சத்து: சுமார் 31,500 டன்
- பிராணவாயு: சுமார் 9,600 டன்
- ஆர்கான்: சுமார் 540 டன்
- கரியமில வாயு: சுமார் 27 டன்

இவற்றோடு நாளுக்கு நாள் கூடிக் குறையும் நீராவியும், மிகச் சிறிய அளவில் வேறு சில வாயுக்களும் உண்டு. கடைசியாக உள்ள 27 டன் கரியமில வாயுதான் எல்லாப் பயிருக்கும் உணவு. பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதிலும் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் இதே ஏக்கரின் மேல் அது 18 டன்தான் இருந்தது. கூடுதலான 9 டன் எங்கிருந்து வந்தது என்பதைத் திட்டக்குடியைச் சுற்றியுள்ள மண்ணையும் பாறையையும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

காற்று எப்படி உருவானது?

பூமி உருவாகி சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் சுவாசிக்கத் தகுந்த காற்று இல்லை. எரிமலைகள் கக்கிய நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவையே பெரும்பாலும் சூழ்ந்திருந்தன. பூமி குளிர்ந்தபோது நீராவி மழையாகப் பெய்து கடலானது. நைட்ரஜன் மற்ற பொருள்களோடு எளிதில் சேராது என்பதால் காற்றிலேயே தங்கிச் சேர்ந்தது.

பிராணவாயுவைக் கொண்டுவந்தவை நுண்ணுயிர்கள். நெல் வயலில் உயிர் உரமாக இடுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசியின் முன்னோர்கள்தான் அவை. சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து உணவு தயாரித்தபோது பிராணவாயு கழிவாக வெளியேறியது. முதலில் அது கடல்நீரில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகக் கடலடியில் படிந்தது. சேலம் கஞ்சமலையில் உள்ள இரும்புத் தாது, கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த அந்தப் பழங்கால வகையைச் சேர்ந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிராணவாயு காற்றில் நிலையாகச் சேரத் தொடங்கியது. அதிலிருந்து மேலே ஓசோன் படலம் உண்டாகி, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்தது. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகள் நிலத்தில் பரவிய பிறகு பிராணவாயு மேலும் பெருகியது.

கரியமில வாயு எங்கே போனது?

தொடக்கத்தில் அவ்வளவு இருந்த கரியமில வாயு இன்று காற்றில் 0.04 சதவீதம்தான். மீதி பாறைக்குள்ளும் மண்ணுக்கு அடியிலும் போனது. அந்த வேலையின் மூன்று தடயங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலாவது, களிமண். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகப் பெய்கிறது. அது பாறையை லட்சக்கணக்கான ஆண்டுகள் அரிக்கும்போது, கரையாமல் மிஞ்சுவது களிமண். கரைந்த சுண்ணாம்புச் சத்தும் அதோடு பிணைந்த கரிமமும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் வேகும் களிமண், காற்றிலிருந்து கரியமில வாயு குறைந்த வேலையில் மிஞ்சிய பொருள்தான்.

இரண்டாவது, சுண்ணாம்புக்கல். வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. நத்தை போலச் சுருண்ட கடல் உயிரிகளின் ஓடுகள் அங்கே இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. கடலுக்குள் வந்த கரிமத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கடல் உயிரிகள் ஓடு கட்டின. அவை இறந்து படிந்தது சுண்ணாம்புக்கல் ஆனது.

மூன்றாவது, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் வளர்ந்த மரஞ்செடிகள் மக்காமல் புதைந்து உண்டானது. அன்றைய மரங்கள் அன்றைய காற்றிலிருந்து எடுத்த கரிமம் அப்படியே பூமிக்கடியில் பூட்டப்பட்டது.

இப்படிப் பூட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளிக் கோள் உதாரணம். அதன் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. தரை வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். அதற்காகக் கரியமில வாயுவே கூடாது என்றும் சொல்ல முடியாது. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் இப்போதைய சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். பயிருக்கு உப்பு தேவை, உவர் ஆகாது என்பது போலத்தான் இதுவும். அளவுதான் முக்கியம்.

பூட்டியதைத் திறந்தது யார்?

நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1962-ல் அங்கே அனல்மின் உற்பத்தி ஆரம்பமானது. உலக அளவில் நிலக்கரி எரிப்பது 1750-க்குப் பிறகு வேகமெடுத்தது. பெட்ரோல், டீசல், எரிவாயு பின்னர் சேர்ந்தன. சிமென்ட் தயாரிப்பில் இரண்டு வழியில் வாயு வெளியேறுகிறது: சூளையை எரிக்கும் எரிபொருளிலிருந்தும், சுண்ணாம்புக்கல்லிலிருந்தே நேரடியாகவும். ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். காற்றிலிருந்து மிக மெதுவாக இறங்கியதை நாம் சில தலைமுறைகளில் மேலே ஏற்றுகிறோம்.

அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலை மீது 1958 முதல் காற்று தொடர்ந்து அளக்கப்படுகிறது. அதற்கு முந்தைய காலத்தை, அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளிலிருந்து அறிகிறோம். அந்த அளவுகள் காட்டுவது இது.

- கரியமில வாயு: 1750 வாக்கில் பத்து லட்சத்தில் 280 பங்கு. 1958-ல் சுமார் 315. இப்போது 420-க்கும் மேல். கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன் அது 300-ஐக்கூடத் தாண்டியதில்லை.
- மீத்தேன்: நூறு கோடியில் சுமார் 720 பங்காக இருந்தது 1,900-ஐத் தாண்டிவிட்டது.
- நைட்ரஸ் ஆக்சைடு: நூறு கோடியில் சுமார் 270 பங்காக இருந்தது 335-க்கு மேல் போய்விட்டது.

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் மரஞ்செடிகளும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதிதான் இப்படிச் சேர்கிறது. உலகின் சராசரி வெப்பம் இதனால் ஏற்கெனவே 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது.

சோகை எரிக்கும் புகையும் நிலக்கரிப் புகையும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்புச் சோகையில் உள்ள கரிமம் இந்த ஆண்டு காற்றிலிருந்து எடுத்தது. எரித்தாலும் மக்கினாலும் அதில் பெரும்பகுதி மீண்டும் காற்றுக்கே போய், அடுத்த கரும்பு அதை எடுத்துக்கொள்ளும். இது கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுப்பது போன்றது. நிலக்கரியில் உள்ளது கோடி ஆண்டுகளாகப் பூட்டியிருந்த கரிமம். அதை எரித்தால் காற்றில் புதிதாகச் சேர்கிறது.

'சிமென்ட் சூளையும் அனல்மின் நிலையமும் புகையும்போது எங்களை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?' என்று பயிற்சிகளில் கேட்கப்படுவதுண்டு. கேள்வி நியாயமானது. 2019-ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் கணக்குப்படி, நாட்டின் வெப்பவாயு வெளியீட்டில் முக்கால் பங்கு எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது. வேளாண்மையின் பங்கு சுமார் 13 சதவீதம். அதிலும் பெரும்பகுதி கால்நடைகளின் செரிமானம், நெல் வயல், உரமிட்ட மண் ஆகியவற்றிலிருந்து. பெரிய புகைக்கு விவசாயி பொறுப்பல்ல. அதே சமயம், நம் மோட்டார் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மின்சாரம் இலவசம் என்றாலும் அதற்கான கரிமக் கணக்கு காற்றில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சோகையை எரிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் விவசாயியின் நஷ்டமே. ஏக்கருக்குச் சுமார் 4 டன் சோகை கிடைக்கும். அதை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தும் கந்தகச் சத்தும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமமும் போய்விடும். புகைக்கரி பக்கத்து ஊரின் மூச்சையும் கெடுக்கும்.

வயலில் என்ன மாறுகிறது?

கரியமில வாயு கூடினால் விளைச்சல் கூடாதா என்றும் கேட்கிறார்கள். நெல், பருத்தி, நிலக்கடலை போன்ற பயிர்கள் ஓரளவு கூடுதலாக வளரும். மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு ஆகியவை ஏற்கெனவே கரியமில வாயுவைத் திறமையாகப் பிடிப்பவை. அவற்றுக்கு லாபம் குறைவு. களைகளிலும் பல இதனால் செழிக்கும். அதிகக் கரியமில வாயுவில் விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதமும் துத்தநாகமும் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

கிடைக்கும் கொஞ்ச லாபத்தையும் வெப்பம் பறித்துவிடும். நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு, பதர் அதிகமாகும். பகலைவிட இரவு வெப்பத்தை நாம் கவனிப்பது குறைவு. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. இரவு முழுவதும் பயிர் வேகமாக மூச்சுவிட்டு, பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழிப்பது இதற்கு ஒரு காரணம்.

மழையின் போக்கும் மாறுகிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டும், இடைவெளியில் மண்ணை வேகமாக உலர்த்தும். 2011 டிசம்பரில் தானே புயல் நம் மாவட்டத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது யாருக்கும் மறக்காது. ஒரு தனிப் புயலைக் காட்டி இதற்குக் காற்று மாறியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடல் வெப்பமாக இருந்தால் புயலுக்கு வலுவும் மழையும் கூடும் என்பது உறுதி. மங்களூர், வேப்பூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுபவர்களுக்கு, ஒரே வாரத்தில் கொட்டி மூன்று வாரம் நின்றுபோகும் மழையைத் தாங்கும் மண்தான் இனி முக்கியம்.

விவசாயி செய்யக்கூடியவை

கீழே சொல்பவை எல்லாம் காற்றுக்கு நல்லது என்பதற்காக மட்டும் அல்ல. ஒவ்வொன்றிலும் தண்ணீரோ உரமோ பணமோ மிச்சமாகும்.

1. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும்: வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அப்போது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். ஒரு கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இதைக் குறைக்க, ஒரு அடி நீளமுள்ள, துளையிட்ட பி.வி.சி. குழாயை வயலில் பதித்து உள்ளே நீர்மட்டம் பார்க்கலாம். நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மீண்டும் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயக் கூடாது. இதனால் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் பாதியளவு வரை குறையும். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் இதை உடனே செய்யலாம். வெலிங்டன் ஏரி ஆயக்கட்டில் முறை வைத்துத் தண்ணீர் வருவதால், மடைக்காரர்கள் சேர்ந்து பேசி முடிவு செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

2. யூரியாவை அளந்து இடுதல்: தலைக்கு மேல் 31,500 டன் தழைச்சத்து இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அதனால்தான் தொழிற்சாலையில் எரிவாயுவைச் செலவழித்து, காற்றின் நைட்ரஜனை உரமாக்குகிறோம். ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. நெல் வயலில் இடுவதில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குப் போகிறது. மீதியில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும். அது கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையை வைத்து 10 இலைகளைப் பாருங்கள். சராசரி 4-க்குக் கீழே இருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3) ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ யூரியா இடலாம். பச்சையாக இருந்தால் அந்த வாரம் இடத் தேவையில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யும் வயலில், யூரியா இட்டவுடன் தண்ணீர் கட்டுவது நல்லது. காய்ந்த மண்ணில் இட்டுவிட்டு விட்டால் இழப்பு கூடும்.

3. காற்றின் தழைச்சத்தை இலவசமாக எடுத்தல்: நிலக்கடலை, உளுந்து, துவரை ஆகியவற்றின் வேர் முடிச்சில் உள்ள ரைசோபியம், தொழிற்சாலை செய்யும் வேலையைத் தானே செய்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்களை விதைப்பவர்கள் ரைசோபியம் விதை நேர்த்தியை விட்டுவிடக் கூடாது. மக்காச்சோளத்தைத் தொடர்ந்து மக்காச்சோளமே போடாமல், இடையில் ஒரு பயறு வகை சேர்க்கவும். நெல்லில் நட்ட 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ நீலப்பச்சைப் பாசி இடலாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம்.

4. சோகை, தட்டை, பருத்திமார் எரிக்காமை: கட்டைக் கரும்பில் சோகையை வரிசை விட்டு வரிசை பரப்பலாம். ஈரம் காக்கும், களை அடங்கும். மக்காச்சோளத் தட்டையைத் துண்டாக்கும் கருவியால் நறுக்கி உழுதுவிடலாம். பருத்திமாரில் காய்ப்புழு தங்கும் என்பதால் அதை வயலில் குவித்து வைக்காமல், உடனே நறுக்கி மக்க வைக்க வேண்டும்.

5. கால்நடைக்குச் சரியான தீவனம்: வைக்கோல் மட்டும் தின்னும் மாடு, கொடுக்கும் பாலுக்கு ஒப்பிட்டால் அதிக மீத்தேன் விடும். பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்த்தால் பாலும் கூடும், லிட்டருக்கான மீத்தேனும் குறையும்.

மண்ணில் பூட்டக்கூடிய கரிமம்

மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு எண் இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. 0.75-க்கு மேல் என்றால் நல்ல மண். அரையடி ஆழத்துக்கு ஒரு ஏக்கர் மேல்மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் அங்ககக் கரிமம் 0.1 சதவீதம் கூடினால், 0.9 டன் கரிமம் மண்ணில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இது சுமார் 3.3 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

ஏக்கருக்கு மேல் கூடியிருப்பது 9 டன். அதோடு ஒப்பிட்டால் 3.3 டன் சிறிய எண் அல்ல. ஆனால் எளிதில் வராது. நம் வெயிலில் எரு வேகமாக மக்கிக் காற்றில் கலந்துவிடும். ஆண்டுதோறும் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ ஆட்டுக்கிடையோ பசுந்தாளோ தொடர்ந்து சேர்த்தால்தான், பல ஆண்டுகளில் அந்த எண் ஏறும். நிறுத்தினால் இறங்கிவிடும். உலகம் முழுவதும் நிலக்கரி எரிப்பதை மண்ணால் மட்டும் ஈடுகட்டவும் முடியாது. எண் ஏறிய வரையில் பலன் உங்களுக்கே. அந்த மண் கொட்டும் மழையை உள்ளே வாங்கி, மழை நிற்கும் வாரங்களில் பயிரைத் தாங்கும்.

'கார்பன் கிரெடிட்' தருகிறோம் என்று சிலர் கிராமங்களுக்கு வருகிறார்கள். இது உண்மையான திட்டமாகவும் இருக்கலாம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அளப்பது யார், பணம் எப்போது வரும், இடையில் நிலத்தை விற்கவோ பயிரை மாற்றவோ தடை உண்டா ஆகியவற்றை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்குங்கள். வேளாண்மை அலுவலரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

செய்ய முடியாது என்று நினைக்கத் தேவையில்லை

உலக நாடுகள் சேர்ந்து ஒரு முறை காற்றைக் காப்பாற்றியிருக்கின்றன. அண்டார்டிகா மேல் ஓசோன் படலம் மெலிந்தது 1985-ல் அறிவிக்கப்பட்டது. 1987-லேயே மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்சாதன வாயுக்களும், பின்னர் கிடங்குகளில் தானியத்துக்குப் புகைமூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. ஓசோன் படலம் இப்போது மீண்டு வருகிறது. நிலக்கரி விஷயம் அதைவிடப் பெரியது. அதை அரசுகளும் ஆலைகளும்தான் தீர்க்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமை விவசாயிக்கும் உண்டு.

இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால், அறுவடை முடிந்ததும் மண் மாதிரி எடுத்துக் கொடுங்கள். அட்டையில் வரும் அங்ககக் கரிம எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே வயலில், அதே மாதத்தில் மீண்டும் பார்த்தால் உங்கள் மண் காற்றிலிருந்து எடுத்ததா, காற்றுக்குக் கொடுத்ததா என்பது தெரியும். மண் மாதிரி எடுக்கும் முறை, இலை வண்ண அட்டை, உயிர் உரங்கள் பற்றிய விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.